நாலு நல்ல மார்க்குதானே?

இது ஒரு கணக்குப் பதிவு. கணக்குன்னாலே ஓடுறவங்க கொஞ்சம் இருங்க, கூட்டல், வகுத்தல் தாண்டி எதுவும் வராது. நடுநடுவுல எங்கம்மாவும் வருவாங்க.

2024 செப்டம்பர்ல ஒரு நாள் காலைல அம்மாகிட்ட இருந்து போன்.

"ஏண்டா, அந்த பெங்களூர் பிள்ளைங்க எத்தனை போட்டிருக்காங்க?"

"நாலும்மா."

"அஞ்சுக்கா?"

"ஆமா."

"அப்ப நூத்துக்கு எண்பது. நாலு நல்ல மார்க்குதானே?"

"ஆமாம்மா, நல்ல மார்க்"னு சொல்லிட்டு போனை வெச்சிருக்கலாம். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது. ஆனா நான் விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன். அதுதான் நான் செஞ்ச தப்பு.

கதையைக் கொஞ்சம் பின்னாடி இருந்து சொல்றேன். எங்க வீடு கும்பகோணத்துல. மகாமகக் குளத்துல இருந்து ரெண்டு கிலோமீட்டர். அப்பா போனதுக்கு அப்புறம் மாடி சும்மா கிடந்தது. நான் சென்னைல. அம்மா ஊரை விட்டு வர மாட்டேன்னுட்டாங்க. தனியா இருக்காங்களேன்னு யோசிச்சு, 2022ல மாடியை ஏர்பிஎன்பில போட்டோம். நவக்கிரகக் கோயில் சுத்த வர்றவங்க, தாராசுரம் பார்க்க வர்றவங்க, கல்யாணத்துக்கு வந்து மண்டபத்துல ரூம் கிடைக்காதவங்கன்னு ஆள் வரத்து நல்லாவே இருந்தது. போன், புக்கிங், பணம் எல்லாம் என் பொறுப்பு. வீடும் காபியும் அம்மா பொறுப்பு. ரூமுக்குத்தான் காசு, காபிக்குக் கிடையாது. ஆனா எங்கம்மா வீட்டுக்கு வந்தவங்களுக்குக் காபி கொடுக்காம இருந்ததா சரித்திரமே இல்லை. டிகாக்ஷன் இறக்கி, படியேறிப் போய்க் கொடுத்துட்டு, அப்படியே உக்காந்து கதை பேசிட்டுத்தான் வருவாங்க. ஹிந்திக்காரங்களா இருந்தாலும் தமிழ்லயேதான் பேசுவாங்க. எப்படியோ அவங்களுக்கும் புரியும் :-)

சரி, கணக்குக்கு வருவோம்.

தங்கிட்டுப் போறவங்க ஏர்பிஎன்பில ரெண்டு விதமா நட்சத்திரம் போடலாம். ஒண்ணு மொத்த மதிப்பீடு, ஒன்றிலிருந்து அஞ்சு வரை. இன்னொன்னு ஆறு தலைப்புல தனித்தனியா: சுத்தம், சொன்ன மாதிரியே வீடு இருந்ததா, உள்ளே வர்ற ஏற்பாடு, வீட்டுக்காரங்களோட பேச்சுத் தொடர்பு, இடம், கொடுத்த காசுக்குத் தகுமா.

நான் ரொம்ப நாள் இந்த ஆறையும் கூட்டி ஆறால வகுத்தா மொத்த மதிப்பீடு வரும்னு நினைச்சிட்டு இருந்தேன். உங்கள்ல பாதிப் பேரும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க. கிடையாது. மொத்த மதிப்பீடு தனி. விருந்தாளி அந்த ஒரு இடத்துல என்ன அழுத்தினாரோ அதுதான். பெங்களூர் பிள்ளைங்க அஞ்சு தலைப்புக்கு முழுசா அஞ்சு கொடுத்திருந்தாங்க. "இடம்" மட்டும் நாலு. குளக்கரையில இருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கோம்ல, நியாயந்தான். வீட்டைத் தூக்கிட்டுப் போய்க் கரையில வைக்க முடியுமா என்ன? ஆறையும் கூட்டி வகுத்தா 4.83 வரும். ஆனா மொத்தத்துல அவங்க அழுத்தினது 4. கணக்குல ஏறினதும் அந்த 4 தான்.

அடுத்து, எந்தக் காலத்துச் சராசரி? நம்ம வீட்டுப் பக்கத்துல எல்லாருக்கும் தெரியுற சராசரி ஒண்ணு இருக்கு. மூணு பேராவது மதிப்பீடு போட்ட பிறகுதான் அது தெரியவே ஆரம்பிக்கும். சூப்பர்ஹோஸ்ட்ங்கிற பட்டத்துக்குப் பார்க்கிறது வேற. அதுக்குக் கடைசி 365 நாள் மட்டும். வருஷத்துக்கு நாலு தடவை, ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1ன்னு பரீட்சை. குறைஞ்சது 10 பேர் வந்து தங்கியிருக்கணும் (அல்லது நீண்ட நாள் தங்கல் மூணு, மொத்தம் 100 ராத்திரி). கேள்விகளுக்கு 90 சதவீதம் பதில் சொல்லியிருக்கணும். நாமளே புக்கிங்கை ரத்து பண்றது 1 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். இது எல்லாத்துக்கும் மேல, சராசரி 4.8 இருக்கணும்.

இந்த 4.8ங்கிறது பார்க்க சாதாரணமாத்தான் இருக்கும். இதை இப்படிப் பாருங்க. அஞ்சுக்கும் 4.8க்கும் உள்ள வித்தியாசம் 0.2. அதாவது, மதிப்பீடு போடுற ஒவ்வொரு விருந்தாளியும் உங்களுக்கு 0.2 நட்சத்திரம் "தொலைச்சுக்கோ"ன்னு கையில கொடுத்துட்டுப் போறார். அஞ்சு பேர் சேர்ந்தா ஒரு முழு நட்சத்திரம். ஒருத்தர் 4 போட்டா ஒரு நட்சத்திரம் போச்சு, அஞ்சு பேரோட பங்கு அதுல காலி. அவரும் அந்த அஞ்சுல ஒருத்தர்ங்கிறதால, மிச்சம் நாலு பேர் முழுசா 5 போட்டாத்தான் சரிக்கட்ட முடியும். ஒருத்தர் 3 போட்டா ஒன்பது பேர் 5 போடணும். 2 போட்டா பதினாலு பேர். 1 போட்டா பத்தொன்பது பேர். சந்தேகம் இருந்தா பேப்பர்ல போட்டுப் பாருங்க, நான் அம்மாவோட பால் கணக்கு நோட்டுலயே போட்டுக் காட்டினேன்.

வருஷத்துக்கு இருநூறு பேர் மதிப்பீடு போடுற இடம்னா கையில 40 நட்சத்திரம் இருக்கும். எவனோ ஒருத்தன் கோபத்துல 1 போட்டாலும் நாலுதான் போகும், தாங்கிக்கலாம். எங்க வீட்டுக்கு வருஷத்துக்குப் பதினெட்டு, இருபது பேர் எழுதினாலே அதிகம். எங்க கையிருப்பு மொத்தமே நாலு நட்சத்திரந்தான். ஒரே ஒருத்தர் 1 போட்டா ஒரு வருஷத்துச் சேமிப்பும் அவுட். அவ்வ்வ்வ்!

பெங்களூர் பிள்ளைங்களுக்கு முன்னாடி எங்ககிட்ட பதினாறு மதிப்பீடு. பதினாலு அஞ்சு, ரெண்டு நாலு. சராசரி 4.88. இவங்க நாலையும் சேர்த்தா பதினேழுக்கு 4.82. தொலைக்கலாம்னு இருந்தது 3.4, தொலைச்சது 3. மிச்சம் 0.4. அக்டோபர் 1 பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம். இன்னொரு "நல்ல மார்க்" வந்தா பட்டம் போயிடும்.

இதைத்தான் அம்மாகிட்ட சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு ஊருக்குப் போனப்ப நோட்டுல வேற போட்டுக் காட்டினேன். அம்மா பொறுமையாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"அப்ப நாலுன்னா ஃபெயிலா?"

நான் பதில் சொல்லலை.

ஏன் இப்படி ஆச்சுன்னு அப்புறம் உக்காந்து படிச்சேன். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜார்ஜியோஸ் செர்வாஸ், டேவிடே ப்ரொசெர்பியோ, ஜான் பையர்ஸ் மூணு பேரும் 2015ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஏர்பிஎன்பி வீடுகள்ல கிட்டத்தட்ட 95 சதவீதத்துக்குச் சராசரி 4.5 இல்லைன்னா 5. மூணரைக்குக் கீழ ஏறக்குறைய யாருமே இல்லை. டிரிப்அட்வைசர்ல ஓட்டல்களோட சராசரியைப் பார்த்தா 3.8. வகுப்புல எல்லாருமே தொண்ணூறு மார்க்குக்கு மேல வாங்கினா என்ன ஆகும்? ஃபர்ஸ்ட் ரேங்க் புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற எண்ணுலதான் முடிவாகும். சராசரிக்குப் பதிலா நடு மதிப்பைப் பார்க்கலாமேன்னு கேக்கலாம். அப்படிப் பார்த்தா அம்மாவுக்கு 5. ஆனா பக்கத்துத் தெருக்காரருக்கும் 5, ஊர்ல எல்லாருக்கும் 5. அப்புறம் யாரை எதை வெச்சுப் பிரிக்கிறது?

எல்லாரும் ஏன் அஞ்சு போடுறாங்க? ஒருத்தர் வீட்டுல தூங்கி, அவங்க கையால காபி வாங்கிக் குடிச்சிட்டு, மறுநாள் மூணு போட நம்ம ஆளுக்கு மனசு வராது. விருந்தாளியைப் பத்தி வீட்டுக்காரரும் எழுதலாம்ங்கிறதால அந்தப் பயமும் கொஞ்சம் உண்டு. 2014ல இருந்து ரெண்டு பேரும் எழுதினதும் ஒரே நேரத்துலதான் வெளிய வரும், இல்லைன்னா 14 நாள் கெடு முடிஞ்சதும் வரும். ஒருத்தர் எழுதினதைப் பார்த்துட்டு இன்னொருத்தர் பழிவாங்க முடியாது. இருந்தாலும் முகத்தைப் பார்த்துப் பழகின தாட்சண்யம் எங்கே போகும்?

அளவுகோல்ங்கிறது அது எங்கே தொடங்குதுங்கிறதைப் பொறுத்ததுதான். புக்கிங் டாட் காம்ல முன்னாடி ஒரு வேடிக்கை இருந்தது. பத்துக்கு மார்க். ஆனா ஆறு விஷயத்துக்கும் முகப் படம் அழுத்தணும், இருக்கிறதுலயே சோகமான முகத்துக்கே 2.5. ஆறுலயும் மோசம்னு அழுத்தினாலும் 2.5க்குக் கீழ போகாது. 2015ல ஸ்பெயின் ஆய்வாளர்கள் இதை எடுத்து எழுதினாங்க. பத்துக்கு ஏழுன்னு பார்த்துட்டு "பரவாயில்லையே"ன்னு போனவங்க எத்தனை பேரோ! அப்புறம் அந்த முறையை மாத்திட்டாங்க. இப்ப 1ல இருந்து 10, மொத்த மார்க்கும் தனியாத்தான் கேக்கிறாங்க.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. நாம வளர்ந்த விதம் அப்படி. எங்க பள்ளிக்கூடத்துல தமிழ் ஐயா யாருக்கும் நூத்துக்கு நூறு போட்டதே இல்லை. "நூறு போட்டா நீ எனக்குச் சமம்னு அர்த்தம்டா"ம்பார். எண்பது வாங்கினாலே ஊருக்கு மிட்டாய் கொடுப்போம். அதே கையாலதான் இங்கேயும் மார்க் போடுறோம். போதாக்குறைக்கு "அஞ்சு நட்சத்திரம்"னாலே பெரிய ஓட்டல் ஞாபகம் வேற. ஓட்டலுக்குக் கொடுக்கிற அந்த நட்சத்திரம் வேற சங்கதி. மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட குழு வந்து என்னென்ன வசதி இருக்குன்னு பார்த்துக் கொடுக்கிற தரம் அது. மாடி வீட்டுக்கு ஒரு விருந்தாளி போடுற அஞ்சுக்கு அர்த்தம் "சொன்னதெல்லாம் இருந்தது, குறை ஒண்ணும் இல்லை"ங்கிறது மட்டுந்தான். அதுக்கு நீச்சல் குளம் எல்லாம் வேண்டியதில்லை.

இதெல்லாம் எனக்குப் புரிஞ்சது. அதுக்குள்ள அம்மாவுக்கு வேற ஒண்ணு புரிஞ்சு போச்சு.

அடுத்த வாரம் போனப்ப வீடே மாறியிருந்தது. மாடி வராண்டாவுல இருந்த துணிக்கொடியைக் காணோம். புதுப் படுக்கை விரிப்பு ரெண்டு செட் வந்திருந்தது. புனேல இருந்து ஒரு குடும்பம் மாடியில தங்கியிருந்தது. அம்மா காபியை ட்ரேயில வெச்சுக் கொண்டு போய்க் கொடுத்துட்டு, உக்காராம இறங்கி வந்துட்டாங்க. ஏம்மான்னு கேட்டேன். "நான் பாட்டுக்கு எதையாவது பேசி, அவங்களுக்குத் தொந்தரவா இருந்து, ஒண்ணு குறைச்சிட்டாங்கன்னா?"

சாயங்காலம் அவங்க கிளம்புறப்ப வாசல்ல நின்னு, அம்மா அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஃபைவ் ஸ்டார்? ப்ளீஸ்"ன்னாங்க. அந்தப் பொண்ணு சங்கடமாச் சிரிச்சிட்டுத் தலையாட்டினா. நான் தெருவைப் பார்த்துக்கிட்டு நின்னேன். எங்கப்பா இருந்தவரைக்கும் எங்கம்மா அடுத்த வீட்டுல ஒரு கரண்டி சர்க்கரை கேட்டதில்லை.

அவங்க போட்டது நாலு. "வீடு மிகவும் சுத்தம். வீட்டுக்காரர்களோடு பேசிப் பழகலாம் என்று எதிர்பார்த்தோம்"னு எழுதியிருந்தாங்க. பதினெட்டுக்கு 4.78. அக்டோபர் 1ஆம் தேதி பட்டம் போச்சு. தளத்தைக் குறை சொல்ல ஒண்ணும் இல்லை, எழுதிப் போட்டிருந்த விதிப்படிதான் நடந்தது. அந்த மாசமே இன்னொரு கூத்து. போன வருஷத்து அஞ்சு ஒண்ணுக்கு 365 நாள் முடிஞ்சு கணக்குல இருந்து விழுந்தது. பதினேழுக்கு 4.76. ஒரு ஆள் வரலை, ஒரு தப்பும் நடக்கலை, மார்க் மட்டும் இறங்கிடுச்சு.

இப்ப ஒரு சின்ன கொசுவத்தி.

அன்னிக்கு ராத்திரி ஒரு எரிச்சல்ல, நாலு போட்டவங்க எல்லாம் யாருடான்னு பார்க்க உள்ள போனவன், நான் விருந்தாளியா எழுதினதையும் பார்த்தேன். 2019ல வயநாடு போயிருந்தோம். தங்கமணி, பையன், நான். மழைன்னா அப்படி ஒரு மழை. கார் மேல ஏறலை. வீட்டுக்காரர், அறுபதைத் தாண்டினவர், டார்ச்சும் ரெண்டு குடையுமா மெயின் ரோடு வரைக்கும் இறங்கி வந்து, பையனைத் தோள்ல தூக்கிட்டு மேல ஏறினார். போனதும் கட்டன்சாயா. மறுநாள் காலைல சுடச்சுட புட்டும் கடலையும். நான் எழுதினதைப் படிச்சேன். பத்து வரிக்கு ஒரே பாராட்டு, அவரை மாதிரி மனுஷனைப் பார்த்ததில்லைன்னு எல்லாம் எழுதியிருக்கேன்.

நட்சத்திரம் எத்தனை போட்டேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நாலு.

வெந்நீர் வர அரை மணி நேரம் ஆச்சு, அதுக்கு ஒண்ணு குறைச்சேன். "அஞ்சே போடுங்களேன்"னு தங்கமணி அப்பவே சொன்னா. "அஞ்சுன்னா எல்லாமே பக்காவா இருக்கணும், நாலே நல்ல மார்க்குதான்"னு சொன்னது சாட்சாத் அடியேன். அவரும் எங்கம்மா மாதிரி ரெண்டு ரூம் வெச்சிருந்தவர்தான். என்னால தொலைஞ்ச அந்த ஒண்ணைச் சரிக்கட்ட நாலு குடும்பத்துக்கு அந்த மனுஷன் மலையிறங்கி வந்திருக்கணும். வெந்நீர் வரலைன்னு நான் அவர்கிட்ட அங்கேயே சொல்லியிருந்தா, அடுப்புல ஒரு பாத்திரம் வெச்சுக் கொடுத்திருப்பார். நான் சொல்லவே இல்லை. ஊருக்கு வந்து மார்க்குல கழிச்சேன். அந்த மதிப்பீட்டை இனிமே மாத்தவும் முடியாது.

அதுக்கப்புறம் பெங்களூர் பிள்ளைங்க மேலயும் புனேக்காரங்க மேலயும் இருந்த கோபம் போயிடுச்சு. புனேக்காரங்க சொன்னது உண்மையும் கூட. அம்மா பேசாதது அவங்களுக்குக் குறையாப் பட்டிருக்கு. பேசாம இருக்க வெச்சது நானு.

தீபாவளிக்குப் போனப்ப பால் கணக்கு நோட்டுல அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டேன். "இனிமே மார்க்கை நான் பார்த்துக்கறேன், நீ கேக்காதே. உனக்கு வாய் வலிக்கிற வரைக்கும் பேசு"ன்னு அம்மாகிட்ட சொன்னேன். "பட்டம் போனா ஆள் வர மாட்டாங்கன்னியே?"ன்னாங்க. ஒண்ணு ரெண்டு புக்கிங் குறைஞ்சது உண்மைதான். ஆனா கும்பகோணத்துக்கு ஆள் வராம இருக்குமா? 2016ல நடந்த மகாமகம் அடுத்து 2028ல வருது, அப்ப திண்ணையைக் கூட வாடகைக்குக் கேப்பாங்கன்னு சொன்னேன். சிரிச்சாங்க.

துணிக்கொடி திரும்ப வராண்டாவுக்கு வந்துடுச்சு. காபிக்கு ட்ரே கிடையாது, பழையபடி டபரா டம்ளர்தான். அம்மா மேல போனா முக்கால் மணி நேரம் ஆகுது கீழ இறங்க. பட்டம் திரும்ப வந்ததா இல்லையான்னு இங்கே சொல்லப் போறதில்லை. அம்மாகிட்டயும் சொல்லலை. ஆனா கேக்காதேன்னு சொன்னா கேக்காம இருக்கிற ஆளா எங்கம்மா? யாராவது கிளம்பிப் போனா மறுநாள் போன் வந்துடும்.

"என்னடா, என்ன மார்க்?"

"பாஸும்மா."

"அது போதும்"னு வெச்சிடுவாங்க.

நீங்க எங்கேயாவது போய்த் தங்கினா எனக்காக ஒண்ணு பண்ணுங்க. குறை இருந்தா, அங்கே இருக்கும்போதே வீட்டுக்காரங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லிடுங்க. கிளம்பின பிறகு ஞாபகம் வந்தா, அவங்க மட்டும் படிக்கிற மாதிரி தனியா எழுதவும் அங்கே இடம் இருக்கு. உண்மையிலேயே மோசம்னா தாராளமாக் குறைங்க, அடுத்து வர்றவங்களுக்கு அது உதவும். நல்லா இருந்தது, ஆனா அஞ்சு போட மட்டும் கை வரலைன்னா, அது உங்க தமிழ் ஐயாவோட கைதானான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு அப்புறம் அழுத்துங்க.

பி.கு.: நீங்களும் வீடு விட்டிருக்கீங்கன்னா, கணக்கு ஒரே வரிதான். கடைசி 365 நாள்ல மதிப்பீடு போட்டவங்க எண்ணிக்கையை அஞ்சால வகுங்க. நீங்க தொலைக்கலாம்னு கையில இருக்கிற நட்சத்திரம் அவ்வளவுதான். போட்டுப் பார்த்துக்கோங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட மட்டும் காட்டிடாதீங்க :-)